ஒரு ஏக்கர் வாங்கப் போறீங்களா? முதல்ல தடத்தைப் பாருங்க!

சங்ககிரி மலைக்கோட்டையில் ஏறியவர்களுக்குத் தெரியும். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. ஏறுவதற்கு ஒரே ஒரு பக்கம்தான் வழி. அந்த வழியிலும் அடுத்தடுத்து மதில்கள். திப்பு சுல்தான் காலத்திலும், பிறகு கும்பெனியார் காலத்திலும் கொங்குப் பகுதியில் வசூலான வரிப்பணத்தைப் பத்திரமாக வைத்திருந்த இடம் அது. 1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். வெளியாள் சுலபமாக உள்ளே வரக் கூடாது. நம் ஆள் மட்டும் தடையில்லாமல் வந்து போக வேண்டும். கோட்டைக்கு இடம் தேடியவர்களின் கணக்கு அவ்வளவுதான்.

இன்று அதே மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று நிலம் தேடி அலைகிறவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான். "ரோட்டு மேல வேண்டாம். சத்தம், தூசி. கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கணும். ஆனா கார் வீட்டு வாசல் வரைக்கும் போகணும். விலையும் நம்ம கைக்கு அடக்கமா இருக்கணும்."

மூன்றும் சேர்ந்து கிடைக்குமா? கிடைக்கும். ஆனால், அதற்கு மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதன் பெயர், தடம்.

காடு, தோட்டம், கொட்டாய்

சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது சங்ககிரி. சேலம் - கொச்சி நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. ரயில் நிலையம் இருக்கிறது. ஒரு பக்கம் திருச்செங்கோடு, இன்னொரு பக்கம் எடப்பாடி, மேற்கே காவிரி. வேலைக்கு டவுன், இருப்பதற்குத் தோட்டம் என்று யோசிக்கிறவர்கள் இந்தப் பக்கம் வருவதில் ஆச்சர்யம் இல்லை.

முதலில் இந்த ஊர்ப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். புரோக்கர் "நாலு ஏக்கர் காடு இருக்குதுங்க" என்றால் மரம் அடர்ந்த வனம் என்று நினைத்துவிடாதீர்கள். மழையை நம்பிச் சோளம், நிலக்கடலை போடும் மானாவாரி நிலத்துக்கு இங்கே காடு என்று பெயர். கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். காவிரிப் பக்கமும், மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாய் பாயும் பக்கமும் போனால் நெல்லும் கரும்பும் விளைகிற வயல். காடு, தோட்டம், வயல் மூன்றுக்கும் விலை வேறு, தண்ணீர் வேறு, வேலை வேறு.

இந்தப் பகுதியில் எல்லோரும் ஊருக்குள் வீடு கட்டிக்கொண்டு வயலுக்குப் போய் வருவதில்லை. நிலத்திலேயே வீடு கட்டி வாழ்கிற பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. காட்டுக்கொட்டாய், காட்டுவளவு என்று ஊர்ப் பெயர்களே அதைச் சொல்லும். இரண்டு தோட்டத்துக்கு நடுவில், இரு பக்கமும் கிளுவை வேலி அடர்ந்த குறுகலான பாதைக்கு இட்டேரி என்று பெயர். வண்டி போகும், மாடு போகும், மனிதர் போகலாம். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ஆக, மறைவாகவும் வேண்டும், வழியும் வேண்டும் என்பது நகரத்துக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஆசை இல்லை. இட்டேரி போட்டவர்கள் அதை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். இன்றைக்குச் சிக்கல் என்னவென்றால், பல இட்டேரிகள் பேச்சில் இருக்கின்றன, பத்திரத்தில் இல்லை.

ரோட்டு மேல ஒரு விலை, உள்ளே ஒரு விலை

தார் ரோட்டை ஒட்டிய நிலத்துக்கும், ஒரு காடு தள்ளி உள்ளே இருக்கும் நிலத்துக்கும் மண் ஒன்றாகத்தான் இருக்கும். விலை மட்டும் ஒன்றாக இருக்காது. நடுவில் இருக்கும் வித்தியாசம், வழியின் விலை.

புரிவதற்காக ஒரு கணக்கு போடுவோம். ரோட்டை ஒட்டிய ஒரு ஏக்கர் 50 லட்சம் ரூபாய், 300 அடி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஏக்கர் 30 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் நிலத்துக்கு 10 அடி அகலத்தில் பாதை வேண்டும். 300 அடி நீளம், 10 அடி அகலம் என்றால் 3,000 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, கிட்டத்தட்ட 7 சென்ட்.

சென்ட் 30,000 ரூபாய் வீதம் 7 சென்ட்டுக்கு 2,10,000 ரூபாய். ரோட்டோரக்காரர் தன் விலையான சென்ட்டுக்கு 50,000 கேட்டால் 3,50,000. 'உனக்கு அவசரம்' என்று இரட்டிப்பாக ஒரு லட்சம் கேட்டாலும் 7 லட்சம். அப்படியும் மொத்தம் 37 லட்சம்தான். ரோட்டோர நிலத்தைவிட 13 லட்சம் குறைவு. பாதை உங்கள் பெயரில், நிலம் மறைவாக, வாகனச் சத்தம் 300 அடிக்கு அப்பால்.

உங்கள் ஊர் விலை வேறாக இருக்கலாம். இதே கணக்கை அந்த விலையில் போட்டுப் பாருங்கள். வழியே இல்லாத நிலம் 'சல்லிசாக' வருகிறதே என்று வாங்குவதும், வழிக்காகவே ரோட்டோரத்தில் அதிக விலை கொடுப்பதும் என இரண்டு வழிதான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஒரு நிலத்தையும், அதற்கான பாதையையும் ஒரே நேரத்தில் விலை பேசுவது மூன்றாவது வழி. கட்டுப்படியாகிற வழியும் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் 'ஒரே நேரத்தில்' என்பது முக்கியம். நிலத்தை முதலில் கிரயம் செய்துவிட்டுப் பிறகு பாதை கேட்டுப் போனால், பக்கத்துக் காட்டுக்காரர் சொல்வதுதான் விலை.

"தடமெல்லாம் இருக்குதுங்க!"

நிலம் பார்க்கப் போனால் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது.

"தடமெல்லாம் இருக்குதுங்க. பக்கத்துக் காட்டுக்காரர் நமக்குப் பங்காளிதானுங்க. இத்தனை வருசமா அதுலதான் போறோம், வர்றோம். ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க."

சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பங்காளி ஒன்றும் சொல்ல மாட்டார்தான். உங்களுக்கும் சொல்ல மாட்டாரா என்பதே கேள்வி. தடம் என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து விதமான பாதைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, அரசுப் பாதை. கிராமக் கணக்கில் பாதை அல்லது வண்டிப்பாதை என்று பதிவாகி, தனி சர்வே எண்ணோடு இருக்கும் புறம்போக்கு. இதை யாரும் விற்கவும் முடியாது, அடைக்கவும் முடியாது. கிடைப்பதில் இதுதான் பலமானது.

இரண்டு, பத்திரப் பாதை. பழைய கிரயப் பத்திரத்திலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ இத்தனை அடி அகலம், இன்ன சர்வே எண்ணில், இன்ன திசையில் போகிறது என்று எழுதப்பட்டிருக்கும். அகலமும் அளவும் எழுதியிருந்தால் பலம். வெறுமனே 'மாமூல் வழித்தட பாத்தியம்' என்று மட்டும் எழுதியிருந்தால், மாமூல் எது என்பதில்தான் சண்டை தொடங்கும்.

மூன்று, அனுபவப் பாதை. 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 15-வது பிரிவின்படி, ஒரு பாதையை 20 வருடங்கள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு பயன்படுத்தி வந்தால் அது உரிமையாகலாம். அரசு நிலமென்றால் 30 வருடங்கள். ஆனால் 'உரிமையோடு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பக்கத்துக்காரரிடம் கேட்டு, அவர் சம்மதித்ததால் போய் வந்தோம் என்றால் அது இந்தக் கணக்கில் சேராது. வழக்கு வந்தால் அத்தனையையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

நான்கு, அவசியப் பாதை. ஒரே ஆளிடம் இருந்த நிலம் விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ துண்டாகி, ஒரு துண்டுக்கு வழியே இல்லாமல் போனால், மற்ற துண்டு வழியாகப் போக 13-வது பிரிவு உரிமை தருகிறது. பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 'வழியில்லாத நிலத்துக்கு யாராவது ஒருவர் வழிவிட்டே ஆக வேண்டும்' என்று சட்டம் சொல்லவில்லை. முன்பு ஒரே கையில் இருந்த நிலத்தின் மீதுதான் இந்த உரிமை. சம்பந்தமில்லாத பக்கத்துக்காரரிடம் இதைக் கேட்க முடியாது. பிறகு வேறு வழி கிடைத்துவிட்டால் இந்த உரிமையும் முடிந்துவிடும்.

ஐந்து, அனுமதிப் பாதை. "போயிட்டு வாங்க, என்ன இருக்கு" என்று வாய்வார்த்தையில் வந்தது. புரோக்கர் சொல்லும் தடங்களில் இந்த ரகமும் உண்டு. கொடுத்தவர் பொதுவாக இதைத் திரும்பப் பெறலாம். அதைவிட முக்கியமானது, அதே சட்டத்தின் 59-வது பிரிவு. அனுமதி கொடுத்தவர் தன் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. பங்காளி நல்லவராகவே இருக்கட்டும். அவர் விற்றுவிட்டுப் போன மறுநாள் கம்பிவேலி விழலாம்.

ஆகவே, "தடம் இருக்கா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "இந்த ஐந்தில் எந்தத் தடம்?" என்று கேளுங்கள்.

போர் வண்டி உள்ளே போகுமா?

பழைய பத்திரங்களில் மாட்டுவண்டித் தடம் என்று இருக்கும். எழுதிய காலத்தில் மாட்டுவண்டி போனால் போதும். இன்றைக்கு அந்தத் தடத்தில் என்னவெல்லாம் போக வேண்டும்?

வீடு கட்ட டிப்பர் லாரி போக வேண்டும். கரும்பு போட்டால் லோடு லாரி வந்து திரும்ப வேண்டும். ராத்திரி 2 மணிக்கு 108 ஆம்புலன்ஸ் போக வேண்டும். வைக்கோல் போர் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி போக வேண்டும். இதையெல்லாம் விடச் சுலபமான ஒரு பரீட்சை இந்த வட்டாரத்துக்கே உரியது: போர் வண்டி போகுமா?

நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் வண்டிகளுக்குப் பேர் போன திருச்செங்கோடு, பக்கத்து ஊர்தான். ரிக் லாரி ஒன்று, கூடவே கம்ப்ரசரும் குழாயும் ஏற்றிய இன்னொரு லாரி என்று இரண்டு பெரிய வண்டிகள் உள்ளே வந்து, நின்று, திரும்ப வேண்டும். அந்த வண்டி போகாத நிலத்தில் போர் போட முடியாது. கடினப் பாறைப் பூமியான இங்கே, கால்வாய்ப் பாசனம் இல்லாத இடத்தில் போர் இல்லாமல் தோட்டமும் இல்லை.

நிலம் பார்க்கப் போகும்போது கையில் ஒரு டேப் கொண்டு போங்கள். பாதை எங்கே மிகவும் குறுகலாக இருக்கிறதோ, அங்கே அளந்து பாருங்கள். வளைவுகளைப் பாருங்கள். 20 அடி கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால், வண்டி திரும்புகிற வளைவுகளில் மட்டுமாவது கூடுதலாக இடம் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை மழைக்காலத்திலும் போய்ப் பாருங்கள். கோடையில் கெட்டியாக இருக்கும் செம்மண் தடம், ஐப்பசியில் ஓடையாகியிருக்கலாம். கிராமக் கணக்கில் அது ஓடையாகவேகூட இருக்கலாம்!

பேப்பரில் பாதை எங்கே?

நல்ல செய்தி என்னவென்றால், இதில் பாதி வேலையை செல்போனிலேயே முடித்துவிடலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த்துறையின் இ-சேவை இணையதளத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று விவரங்களையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம்.

புலப்படம் என்பது உங்கள் சர்வே எண்ணின் அளவுகளோடு கூடிய வரைபடம். அதை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து சர்வே எண்களின் புலப்படங்களையும், கிராம வரைபடத்தையும் சேர்த்து வைத்து, தார் ரோட்டிலிருந்து உங்கள் நிலம் வரை விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். எந்தெந்த சர்வே எண்ணைத் தாண்டுகிறீர்கள்? அந்த எண் ஒவ்வொன்றையும் அ-பதிவேட்டில் தேடுங்கள். பாதைப் புறம்போக்கு என்று வந்தால் நல்லது. தனியார் பட்டா என்று வந்தால், அங்கே உங்கள் உரிமை எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ஓடை, மேய்ச்சல் என்று வந்தால் தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்காவது எடுங்கள். அதில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். பதிவு செய்யாத குத்தகை, வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நடக்கும் தடத்தகராறு போன்றவை அதில் தெரியாமல் போகலாம். அதற்கு மூலப் பத்திரங்களை வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுவதும், ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பதும்தான் வழி.

இன்னொரு விஷயம், யு.டி.ஆர். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் பணி நடந்தது. அப்போது பெயர், பரப்பு, எல்லைகளில் சேர்ந்த பிழைகள் இன்றைக்கும் பட்டாக்களில் தொடர்கின்றன. பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் இன்னொரு அளவு என்றால், விற்பவர் அதைச் சரிசெய்து கொடுத்த பிறகு கிரயத்துக்கு வாருங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர்; ஒரு ஏர் என்பது 2.47 சென்ட்.

பஞ்சமி நிலம், கோயில் நிலம், பூதான நிலம், அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம் ஆகியவை விலை குறைவாக வரும். தொடாதீர்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து அந்த மக்களுக்கு ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். அவற்றை வேறு பிரிவினர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. அவை அந்த மக்களிடம் இருக்க வேண்டிய நிலங்கள் என்பது விலையைவிடப் பெரிய விஷயம்.

கிணத்துல கால் பங்கு

கொங்குப் பகுதிப் பத்திரங்களில் இன்னொரு வரி வரும். 'மேற்படி கிணறு, மோட்டார், மின் இணைப்பில் 4-ல் 1 பங்கு' என்று. அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கால் பங்கை நீங்கள் வாங்கினால், தண்ணீரோடு சேர்ந்து மூன்று குடும்பங்களோடு உறவும் வரும். மோட்டார் பழுதானால் செலவை யார் போடுவது, கிணற்றுக்குப் போகும் பாதை எது, குழாய் யாருடைய நிலத்தில் போகிறது என்று எல்லாமே பங்குக்குள் அடக்கம். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் உண்டு என்றாலும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்றித் தருவார்களா என்று கிரயத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். புது இணைப்புக்குப் பதிவு செய்து காத்திருக்க வேண்டிவரும்.

தனிமை தேடி வருபவர்களுக்குக் கூட்டுக் கிணறு பெரிய சோதனை. சொந்தமாக போர் போடும் உத்தேசம் இருந்தால் அந்தச் செலவையும், தண்ணீர் வராமல் போகும் வாய்ப்பையும் நிலத்தின் விலையோடு கூட்டிக் கணக்கு பாருங்கள்.

'பண்ணை நிலம்' என்று ஒரு விளம்பரம்

முழு ஏக்கர் வாங்கப் பணமில்லாதவர்களின் கண்ணில் படுவது, 10 சென்ட், 20 சென்ட் என்று வெட்டி விற்கப்படும் பண்ணை நிலங்கள். கேட் இருக்கும், 'ரோடு' இருக்கும், செடிகூட நட்டிருப்பார்கள்.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தரப்பட்டிருக்கும். அங்கீகாரம் இல்லாமல் வெட்டிய நிலத்தில் அந்த 'ரோடு' விற்பவர் பெயரிலேயே இருக்கலாம். நாளை அதை அவர் வேறு ஒருவருக்கு விற்றால்? மறுபடியும் தடப் பிரச்னைதான்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கான ஏற்பாடு அது. இப்போது புதிதாக வெட்டி விற்பவர்கள் 'விவசாய நிலம்' என்றே பத்திரம் போடுகிறார்கள். அப்படி வாங்கிய 10 சென்ட்டில் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் சிக்கல் தெரியவரும். வாங்குவதற்கு முன்பே ஊராட்சியிலும், நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்திலும் 'இங்கே வீடு கட்ட முடியுமா?' என்று கேட்டுவிடுவது நல்லது.

தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும்

நிலத்தைப் பார்க்கும்போது நிமிர்ந்தும் பாருங்கள். மேட்டூர் மின் நிலையங்கள் பக்கத்தில் இருப்பதால் உயர் அழுத்த மின்பாதைகள் இந்தச் சமவெளியைக் கடந்து போகின்றன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வந்த 800 கிலோவோல்ட் மின்பாதைக்குக் கோபுரங்கள் போட்டபோது, 2018-ல் மேற்கு மாவட்ட விவசாயிகள் போராடியது நினைவிருக்கலாம். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது.

மண்ணுக்குக் கீழே போவது குழாய். 1962-ம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி, குழாய் போகும் பட்டை நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் அதன்மேல் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. கெயில் குழாய்க்கு எதிராக ஏழு மேற்கு மாவட்டங்களில் போராட்டம் நடந்ததும், வழக்கு 2016-ல் உச்ச நீதிமன்றம் வரை போனதும் அதனால்தான். கூடவே, பக்கத்தில் கல்குவாரியோ கிரஷரோ இருக்கிறதா என்று வேலைநாளில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா நிலமும் அமைதியாகத்தான் இருக்கும்.

தனிமை வேறு, ஒதுக்குப்புறம் வேறு

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில், 2025 மே தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. கொங்குப் பகுதி முழுக்கத் தோட்டத்து வீடுகளில் இருந்த பெரியவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கவலை வந்த நாட்கள் அவை.

நிலம் தேடுகிறவர்கள் இதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், யோசனையாக எடுத்துக்கொள்ளலாம். ஓய்வுக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கப்போகும் இடமா இது? பகலில் எல்லோரும் வேலைக்குப் போனால் வீட்டில் யார்? போன் சிக்னல் கிடைக்கிறதா? சத்தம் போட்டால் யாருக்காவது கேட்குமா?

தூரத்தை அளக்க நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. கூப்பிடு தூரம். மைல் கணக்கும் இல்லை, அடிக் கணக்கும் இல்லை. ஒருவர் குரல் கொடுத்தால் இன்னொருவர் காதில் விழுகிற தூரம். வேலி உயரமாக இருக்கட்டும். ஆனால் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இருக்கட்டும். அந்த வீட்டுக்காரர்தான் பெரும்பாலும் உங்கள் தடத்தின் பக்கத்து நிலத்துக்காரராகவும் இருப்பார்.

அதனால்தான் கிரயத்துக்கு முன்பு ஒருமுறை, புரோக்கர் இல்லாமல், குடும்பத்தோடு போய் அவரைப் பாருங்கள். "அண்ணா, பக்கத்துக் காட்டை நாங்க வாங்கலாம்னு இருக்கோம். தடம் எப்படிங்க?" என்று கேளுங்கள். பத்து வருடத் தகராறு இருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் காபி கிடைக்கும்.

செலவுக் கணக்கு

தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க, விவசாயி என்ற சான்று தேவையில்லை. ஆனால் வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர்கள் விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை, வாரிசாக வரலாம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக்கட்டணம் 2 சதவிகிதம். 30 லட்சம் ரூபாய் நிலமென்றால் 2,70,000 ரூபாய். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை உண்டு. 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம். அட்வான்ஸ் கொடுக்கும்போது 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வங்கி வழியாகவே கொடுங்கள். கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

தடம் இல்லாமல் வாங்கிவிட்டு முழிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. முதலில் பேச்சு. பக்கத்துக்காரர் சம்மதித்தால் பாதைக்கான நிலத்தைக் கிரயமாகவோ, வழித்தட உரிமையாகவோ பதிவு செய்து வாங்குங்கள். அவருக்கும் உதவும்படி பொதுத் தடமாகப் போடலாம் என்றால் பேச்சு சுலபமாகும். பதிலுக்குப் பதில் நிலம் கொடுப்பதும் ஒரு வழி.

கணக்கில் உள்ள பாதைப் புறம்போக்கை யாராவது அடைத்திருந்தால் தாசில்தாரிடம் மனு கொடுத்து அளக்கச் சொல்லலாம். பொதுப் பாதை அடைப்பை வருவாய்க் கோட்டாட்சியரிடமும் கொண்டு போகலாம். சங்ககிரியிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. தனியார் நிலத்தில் வழி உரிமை என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். போலீஸ் ஸ்டேஷனில் அந்த உரிமையைத் தீர்மானிக்க முடியாது.

போகும்போது கையில் இருக்கட்டும்

1. ரோட்டிலிருந்து நிலம் வரை தாண்டும் சர்வே எண்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா?

2. ஐந்து வகையில் உங்கள் தடம் எது? எந்தப் பத்திரத்தில், எத்தனை அடி?

3. போர் வண்டி உள்ளே போய்த் திரும்புமா?

4. கிணறு, மின் இணைப்பு தனியா, பங்கா?

5. மேலே கம்பி, கீழே குழாய், பக்கத்தில் குவாரி இருக்கிறதா?

6. சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்ட பிறகுதான் மீதிப் பணம் என்று பேசிவிட்டீர்களா?

7. புதுப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் தடத்தின் சர்வே எண், நீளம், அகலம், திசை எல்லாம் ஏறியிருக்கிறதா?

8. கூப்பிடு தூரத்தில் இருப்பவரைப் பார்த்துப் பேசிவிட்டீர்களா?

எட்டுக்கும் பதில் கிடைத்த பிறகு, மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள். செம்மண்ணா, சுக்கான் மண்ணா என்று அப்போது யோசிக்கலாம். எருப் போட்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிவிட முடியும். பத்திரத்தில் விட்டுப்போன பத்தடித் தடத்தைச் சரிசெய்யப் பல வருடங்கள் ஆகிவிடலாம்.